குற்றாலத்துக்கு வண்டி ஏறிய கரிசல் மண்

திருநெல்வேலிச் சீமையில் சோற்றைவிட மண்ணை அதிகம் ருசி பார்த்தவர் மண்தின்னி அண்ணாச்சி ஒருவர்தான். புது ஊருக்குப் போனால் நீங்களும் நானும் கோயில் எங்கே, காப்பி ஓட்டல் எங்கே என்று கேட்போம். அவர் குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்துக்கொள்வார். கண்ணை மூடுவார். ரசத்துக்கு உப்புப் பார்க்கிற தவசிப்பிள்ளை மாதிரி சப்புக் கொட்டுவார். பிறகு அந்த ஊருக்கே தீர்ப்புச் சொல்வார்.

"உவரு. இந்த ஊர்ல ஒருத்தனும் சொன்ன சொல்லுல நிக்க மாட்டான்."

அவ்வளவுதான். அந்த ஊரில் அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்.

முதுகுக்குப் பின்னால்தான் மண்தின்னி. நேரே வந்துவிட்டால் எல்லோருக்கும் அண்ணாச்சி. பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. அவர் திருவேங்கடத்துக்காரர் என்பதால் முதலாளி அவரைத் 'திருவேங்கடத்தான்' என்று கூப்பிட்டுக் காரியத்தை முடித்துக்கொள்வார்.

பெண் பார்க்கப் போன கதையை அவரே சொல்லியிருக்கிறார். முதலில் போன வீட்டில் பெண் லட்சணம். சொஜ்ஜி, பஜ்ஜி எல்லாம் பிரமாதம். கை கழுவக் கொல்லைப்புறம் போனவர் அங்கேயே குனிந்து ருசி பார்த்திருக்கிறார். திரும்பி வந்து, "பொண்ணு இருக்கட்டும், கொல்லையில உப்பு பூத்துக் கெடக்கு, நமக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாராம். அடுத்த வீட்டில் கல்யாணம் முடிந்தது. "அந்த வீட்டு மண்ணத்தாம்லே கட்டிக்கிட்டேன். கூடவே அவளும் வந்தா" என்பார். அந்த அம்மாள் நல்லவேளையாக ஊரிலேயே இருந்தாள், இதைக் கேட்க இங்கே இல்லை.

எனக்கு அவர் வேலை கொடுத்த விதமும் இதே ரகம்தான். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தையும், அதற்கடுத்த வாரம் ஊரையும் விட்டவன். செங்கோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் கொஞ்ச காலம் கூலிக்கு இருந்தேன். குளிர்காய்ச்சல் வந்தது. காய்ச்சல்காரனுக்கு அங்கே இடமில்லை என்றார்கள். இறங்கி நடந்து குற்றாலம் வந்து சேர்ந்தேன். சாரல் காலமாக இருந்தால் குற்றாலத்தில் யாரும் பட்டினி கிடக்க முடியாது. பணக்காரர்கள் அருவியில் குளித்துக் குளித்துப் பசியெடுத்து, ஆக்கித் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். நான் வந்ததோ பங்குனியில். அருவி நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. என் வயிறும் அப்படித்தான் காய்ந்து கிடந்தது.

ஒரு பங்களா வாசலில் நின்று வேலை உண்டா என்று கேட்டேன். தோட்டத்தில் குந்தியிருந்த ஒரு கறுத்த மனிதர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"காலத் தூக்குலே" என்றார்.

தூக்கினேன். குதிகாலில் காய்ந்திருந்த சேற்றை நகத்தால் சுரண்டி எடுத்தார். என்ன செய்யப் போகிறார் என்று புரிந்தபோது எனக்கே கூச்சமாகிவிட்டது. நல்லவேளை, நாக்கில் வைக்கவில்லை. மோந்து பார்த்தார்.

"மலை மண்ணு. புளிப்பு. செங்கோட்டைக்கு மேல இருந்து வாரியா?"

"ஆமா அண்ணாச்சி."

"சரி, சாப்ட்டுட்டு வா. அங்கன கெணத்தடியில மம்பட்டி கெடக்கு."

அந்தப் பங்களா ஒரு துரையுடையது. அவர் சீமைக்குத் திரும்பிப் போகும்போது, திருநெல்வேலியில் பஞ்சு வியாபாரம் செய்த எங்கள் முதலாளி அதை வாங்கினார். பங்களாவோடு துரை வைத்திருந்த ரோஜாப் பாத்தியும் வந்தது. முதலாளியின் மனைவிக்கு அந்த ரோஜாவின் மேல் ஆசை. அவர் மகன் சின்ன முதலாளிக்கோ புதிதாக வாங்கிய மோட்டாரின் மேல் ஆசை. ரோஜாப் பாத்தி வாசல் கேட்டை ஒட்டி இருந்தது. மோட்டார் கொட்டகை போட அதைவிடத் தோதான இடம் இல்லை என்பது அவர் கட்சி. வீட்டில் சண்டை வந்தது. முதலாளி வியாபாரி, இரண்டு பக்கமும் கோணாமல் தீர்ப்புச் சொன்னார்:

"பூத்தா ரோசா. பூக்காட்டி ஷெட்டு."

பூக்க வைக்க யாரை அனுப்புவது? முதலாளிக்குத் திருவேங்கடத்தில் பஞ்சு மூட்டைகளை அடுக்கி வைக்க ஒரு கிட்டங்கி இருந்தது. அங்கே காவலுக்கு இருந்தவர்தான் நம் அண்ணாச்சி. அந்தக் காய்ந்த பூமியில், உடைந்த தொட்டி ஒன்றில் கரிசல் மண்ணைப் போட்டு, முகம் கழுவிய தண்ணீரையும் அரிசி களைந்த தண்ணீரையும் ஊற்றி, ஒரு பன்னீர் ரோஜாவை அவர் பூக்க வைத்திருந்தார். முதலாளி கண்ணால் பார்த்திருக்கிறார். "கரிசக்காட்டுலயே பூக்க வச்சவன், குத்தாலத்துல வனமே வைப்பான்" என்று கணக்குப் போட்டு அவரை இங்கே கொண்டு வந்து விட்டார். கணக்கு சரியாகத்தான் தெரிந்தது. யாருக்கும் அதில் பிழை தெரியவில்லை.

பாத்தி போனால் எனக்கு ஒன்றுமில்லை. ரோடு எனக்குப் பழக்கம். அண்ணாச்சிக்கு அப்படியில்லை. கிட்டங்கியில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. ஊரில் மழை பொய்த்துக் காடு தரிசாகக் கிடந்தது. இந்தப் பாத்திதான் அவருக்குக் கஞ்சி.

துரையின் பாத்தி மண் பல வருஷத்து மழையில் சாரமெல்லாம் கரைந்து சக்கையாகக் கிடந்தது. அண்ணாச்சி ருசி பார்த்துவிட்டு, "கரும்புச் சக்க மாதிரி இருக்குலே" என்றார். வேறு மண் தேட வேண்டும். மேலகரம், தென்காசி என்று சுற்றுவட்டாரத்து ஊர் மண்ணையெல்லாம் துண்டில் முடிந்து கொண்டு வந்தார். பங்களாவில் துரை குடித்துவிட்டுப் போட்டிருந்த கண்ணாடிப் புட்டிகள் நிறையக் கிடந்தன. ஒவ்வொரு புட்டியிலும் ஒரு ஊர் மண்ணைப் பாதி போட்டு, தண்ணீர் ஊற்றி, குலுக்கி, வராந்தாவில் வரிசையாக வைத்தார். மணல் முதலில் அடியில் உட்காரும். அதன்மேல் வண்டல். அதற்கும் மேலே களி. எல்லாவற்றுக்கும் மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். எந்த மண்ணில் எது எவ்வளவு என்று விரலை வைத்து அளந்துவிடலாம்.

அந்தச் சமயம் பார்த்து முதலாளியின் சிநேகிதர் ஒரு வக்கீல் வந்து தங்கினார். அஜீரணக்காரர். சதா ஏதாவது கஷாயம் தேடுகிறவர். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வராந்தாவில் உலாவியவர் புட்டிகளைப் பார்த்தார். அடியில் மண்டி, மேலே தெளிவு. அவருக்குச் சந்தேகமே வரவில்லை. நிதானமாக ஒரு புட்டியைச் சாய்த்துத் தெளிவை மட்டும் தம்ளரில் இறுத்துக் குடித்துவிட்டார். அண்ணாச்சி ஓடி வந்தார்.

"ஐயா! அது மேலகரம்!"

"பேரு எதுவா இருந்தா என்னவே, நல்லாத்தான் இருக்கு. சாயங்காலமும் ஒரு அவுன்சு வையும்."

"இன்னும் களி எத்தன விரக்கடைன்னு அளக்கலியே ஐயா..."

"நீரு அளந்து குடுத்தாலும் சரி, அளக்காமக் குடுத்தாலும் சரி."

நான்கு நாள் மேலகரம் குடித்தார். மலைக்காற்றோ, நடையோ, வயிறு சரியாகிவிட்டது. போகும்போது ஒரு புட்டி கேட்டார். "இது ஊருக்குப் போனாக் கேக்காது ஐயா, இங்கன வச்சுக் குடிச்சாத்தான்" என்று அண்ணாச்சி சமாளித்து அனுப்பினார்.

புட்டிகளில் ஒன்று மட்டும் தெளியவே இல்லை. அது அவர் ஊரிலிருந்து வரும்போது முடிந்து கொண்டு வந்த கரிசல் மண். நாட்கணக்கில் கறுப்பாகவே கலங்கி நின்றது. ஒரு தோட்டக்காரன் அப்போதே யோசித்திருக்க வேண்டும். அண்ணாச்சிக்கோ பெருமை தாங்கவில்லை.

"பாத்தியாலே! மத்ததெல்லாம் தண்ணியக் கைவிட்டுட்டு. நம்ம மண்ணு விட மாட்டேங்கு பாரு! இதாம்லே மண்ணு!"

சித்திரையில் திருவேங்கடத்திலிருந்து கரிசல் மண் வண்டியேறியது. தென்காசிப் பக்கமிருந்து கிட்டங்கிக்குப் பஞ்சு ஏற்றிப் போன வண்டிகள் திரும்பும்போது, அண்ணாச்சியே கூடப் போய் அவற்றில் அள்ளிப் போட்டுக் கொண்டு வந்தார். மேலகரத்தில் வண்டியை நிறுத்தி ஒருவர் கேட்டார்:

"என்ன அண்ணாச்சி, வண்டியில என்ன?"

"மண்ணு."

"எங்க போவுது?"

"குத்தாலத்துக்கு."

"மலைக்கா மண்ணு கொண்டு போறீரு? வாரப்ப அருவிக்கு ரெண்டு கொடம் தண்ணியும் கொண்டாந்துரும்வே, பங்குனியிலேருந்து காஞ்சு கெடக்கு!"

ஊரே சிரித்தது. அண்ணாச்சி வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தார், மாப்பிள்ளை அழைப்பு மாதிரி.

மண் வந்தது. அடுத்தது எரு. மாட்டுச் சாணம், ஆட்டுப் புழுக்கை எல்லாம் மற்றவர்களுக்கு. அண்ணாச்சி திருவிழாவுக்கு வந்த யானையைப் பிடித்துக்கொண்டார். சுவாமி புறப்பாட்டில் முன்னால் யானை, அதன் பின்னால் கூடையோடு அண்ணாச்சி. ஊரெல்லாம் சப்பரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அவர் கண் மட்டும் யானையின் வாலை விட்டு நகரவில்லை. வால் லேசாகத் தூக்கினால் போதும், கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு பாய்வார். புறப்பாடு முடிவதற்குள் கூடை நிறைந்துவிட்டது. "சாமி குடுத்ததுலே" என்று அதைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார்.

துரையின் சக்கை மண்ணை வெட்டி எடுத்தோம். குழி நிறையக் கரிசலைக் கொட்டினோம். பச்சை யானைச் சாணத்தில் பாதியை அப்படியே கலந்தோம், மிச்சத்தை ஓரமாக ஒதுக்கிப் போட்டோம். அது மக்க வேண்டும், சூடு ஆற வேண்டும் என்று நான் சொன்னேன். "ஆனைக்கே சூடு இல்ல, அது போட்டதுல என்னலே சூடு" என்றார். செடிகளைத் திரும்ப நட்டோம். வெயில் நாளில் கரிசல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. செடிகள் கொஞ்சம் துளிர்த்தன. அண்ணாச்சி மீசையைத் தடவிக்கொண்டார்.

வைகாசிக் கடைசியில் மலை முகடு மறைந்தது. சாரல் இறங்கியது.

அண்ணாச்சி அதுவரை சாரலைப் பார்த்ததில்லை. முற்றத்துக்கு ஓடி வாயைத் திறந்துகொண்டு நின்றார். பிறகு திடீரென்று ஞாபகம் வந்தவர்போல உள்ளே ஓடினார். குடம், குத்துப்போணி, அண்டா, இட்லிக் கொப்பரை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்து கூரை ஓரத்தில் வரிசையாக வைத்தார். பங்களாவில் சமையலுக்கு இருந்த தவசிப்பிள்ளை கரண்டியோடு துரத்தி வந்தார்.

"யோவ், கொழம்பு வைக்கப் பாத்திரம் இல்லைய்யா!"

"நாளைக்கு மழ வராட்டி என்னவே செய்வீரு?"

"இது நின்னாத்தானய்யா நாளைக்கு வர! இனி ஆவணி வரைக்கும் இதேதான்!"

அண்ணாச்சி நம்பவில்லை. குற்றாலத்தில், சாரல் காலத்தில், தண்ணீர் பிடித்து வைத்த மனிதர் சரித்திரத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

சாரல் நிற்கவில்லை. பாத்தி நாளுக்கு நாள் கறுப்புக் களியாகக் குழைந்தது. மிதித்தால் காலை விட மாட்டேன் என்றது. ரோஜா இலைகள் மஞ்சளடித்து உதிரத் தொடங்கின. அண்ணாச்சிக்கு மஞ்சள் இலை என்றால் ஒரே அர்த்தம்தான் தெரியும்.

"தாகம்லே. புள்ளைகளுக்குத் தண்ணி பத்தல."

மழையில் நனைந்துகொண்டே செடிக்குச் செடி தண்ணீர் ஊற்றினார். அருவிக்குப் போகிறவர்கள் குடையோடு கேட்டில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "பாத்து ஊத்தும் அண்ணாச்சி, மழ நனஞ்சிரப் போவுது!" என்று ஒருவன் கத்திவிட்டுப் போனான்.

ஆடியில் முதலாளி குடும்பத்தோடு மோட்டாரில் வந்து இறங்கினார். பாத்தியில் குச்சி குச்சியாகச் செடிகள். ஒரு மொட்டுகூட இல்லை. சின்ன முதலாளி இறங்கின கையோடு ஒரு மூங்கில் கழியை எடுத்துப் பாத்தியின் நீளத்தை அளந்தார். முதலாளியம்மாள் மட்டும் ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்தாள்.

"ஒரு பூ கூடவா இல்ல?"

அண்ணாச்சி குனிந்து, உதிர்ந்த மஞ்சள் இலைகளைப் பொறுக்கினார். முதலாளி அவர் பக்கம் திரும்பினார்.

"மார்கழித் திருவாதிரைக்கு வாரோம். அப்பவும் இப்படித்தான்னா, ஷெட்டுதான். நீரும் ஊரப் பாத்துப் போயிரும்வே. எனக்கும் வேற வழியில்ல."

அவர்கள் போன பிறகு நான் ஒரு செடியை வேரோடு பிடுங்கினேன். இழுக்கவே வேண்டாம், கையோடு வந்தது. வேர் கறுத்து வழவழவென்று இருந்தது. கூழ்முட்டை நாற்றம். அண்ணாச்சி வேரிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். அவர் மண்ணைத் துப்பி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதுவும் தன் ஊர் மண்ணை.

"என்னலே இது, செத்த ருசி" என்றார்.

"வேர் மூச்சு முட்டிச் செத்திருக்கு அண்ணாச்சி. தேயிலத் தோட்டத்துல மொதல்ல வாய்க்காதான் வெட்டுவாங்க, பொறவுதான் செடி. நாமளும் பாத்திய ஒசத்தி, சுத்தி வாய்க்கா வெட்டித் தண்ணிய வெளிய விட்டுறணும்."

"எத வெளிய விடணும்?"

"தண்ணிய."

"தண்ணியவா?"

"ஆமா."

"கூறுகெட்ட மூதி! தண்ணியப் போய் வெளிய தள்ளச் சொல்லுதான் பாரு! எங்கூர்ல கெணத்துக்குள்ள எறங்கிச் செரட்டையில கோரி எடுக்கோம்லே. ஒரு கொடம் ரொம்பதுக்குள்ள விடிஞ்சிரும். ஒரு சொட்டு கீழ சிந்துனா எங்காத்தா வாயில அடிப்பா. என் கையால வாய்க்கா வெட்டித் தண்ணிய வெரட்டவா?"

"அப்பம் ஷெட்டுதான் அண்ணாச்சி."

அவர் எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. அடுத்தடுத்து இரண்டு செடிகள் செத்தன. ஒரு நாள் காலையில் வேட்டியை மாற்றிக்கொண்டு, துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஏலே, நான் தென்காசி வரைக்கும் போய்ட்டு வாரேன். மூக்குப்பொடி வாங்கணும்."

அவருக்கு மூக்குப்பொடிப் பழக்கம் கிடையாது.

"நான் வாரதுக்குள்ள அந்த வாய்க்கால வெட்டி முடிச்சிரு. என்னால பாக்க முடியாது."

வெட்டினேன். பாத்தியைச் சுற்றி வெட்டி, வேலிக்கு வெளியே ஓடுகிற வாய்க்காலோடு சேர்த்தேன். கடைசி மண்வெட்டு விழுந்ததும் தேங்கியிருந்த கறுப்புத் தண்ணீர் சளசளவென்று கிளம்பிப் போயிற்று. சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். தென்காசிக் கோயிலின் மொட்டைக் கோபுர வாசலில் நாள் முழுக்கக் காற்றில் உட்கார்ந்திருந்திருக்கிறார். துக்க வீட்டுக்குள் வருகிறவர்போலக் கேட்டிலேயே நின்றார்.

"முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டு அண்ணாச்சி."

"எங்கன போவுது?"

"வாய்க்கா வழியா சித்தாத்துக்கு."

"சித்தாறு எங்கன போவுது?"

"பொருநைக்கு."

"அது?"

"கடலுக்குத்தான்."

வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணீரில் விரலை வைத்து அது விலகி ஓடுவதைப் பார்த்தார்.

"கடலுக்குப் போறதுக்கு முந்தி ஒரு வயலயாவது நனைக்கும்லா?"

"தென்காசி வயக்காடு பூரா இந்தத் தண்ணிதான அண்ணாச்சி."

"அப்பம் சரி. போட்டும்."

மறுநாள் காலையில் எனக்கு முன்னால் மண்வெட்டியோடு நின்றவர் அவர்தான். கரிசலை முழுக்க வெட்டி எடுத்துப் பின்பக்கம் வாழைக்குப் போட்டோம். குழியின் அடியில் உடைந்த செங்கல். அதன்மேல் மேலகரத்து மேட்டுச் செம்மண், சிற்றாற்று மணல், மலையடிவாரத்து இலைமக்கு. ஒதுக்கிப் போட்டிருந்த மிச்ச யானைச் சாணம் அதற்குள் மக்கிக் காப்பித்தூள் மாதிரி உதிர்ந்தது. அதையும் கலந்தோம். கலவையை ஒரு பிடி பிடித்துப் பார்த்துக் கீழே போட்டார்.

"பிடிச்சாக் கொழுக்கட்ட, போட்டாப் புட்டு. இப்படித்தாம்லே இருக்கணும் ரோசாவுக்கு!" என்றார், இதை எனக்குச் சொல்லித் தரத்தான் இத்தனை நாளும் காத்திருந்தவர்போல. பிறகு நாக்கில் வைத்துப் பார்த்தார். "சப்புனு இருக்கு. பத்தியச் சாப்பாடு" என்று முகத்தைச் சுளித்தார்.

பிழைத்த செடிகளை இடுப்பளவு மேட்டில் நட்டோம். ஐப்பசி மழை அடித்தது. தண்ணீர் மேட்டில் விழுந்து, இறங்கி, மணி மணியாக வாய்க்காலுக்குப் போயிற்று. அண்ணாச்சி அந்தப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு களை பிடுங்கினார். வாடிய கொப்பெல்லாம் கழித்துவிட்டோம். புதுத் தளிர் செம்புக் கம்பி மாதிரி வந்தது. கார்த்திகையில் மொட்டு.

திருவாதிரைக்கு முதல் நாள் மோட்டார் கேட்டுக்குள் திரும்பியபோது பாத்தி சிவந்து கிடந்தது. அம்மாள் மோட்டார் நிற்பதற்கு முன்பே இறங்கிவிட்டாள். ஒன்றைப் பறித்துத் தலையில் வைத்தாள், ஒன்றைச் சுவாமிக்கு எடுத்து வைத்தாள், பிறகு பறிக்க மனமில்லாமல் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தாள். சின்ன முதலாளி மோட்டாரைப் புளியமரத்தடிக்கு ஓட்டிப் போனார். அது அங்கே நின்ற நாட்களில் காக்கைகள் அதற்கு எரு போட்டன.

முதலாளி ஒரு பூவை மோந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்வே திருவேங்கடத்தான், இது எந்த ஊரு மண்ணு?"

மேலகரத்து மண், சிற்றாற்று மணல், குற்றாலத்து இலை என்று சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன். அண்ணாச்சி முந்திக்கொண்டார்.

"நம்ம திருவேங்கடத்து மண்ணுதான் முதலாளி."

முதலாளி தலையை ஆட்டினார். "அதான பாத்தேன்! நீரு இங்கனயே இரும்வே. இந்தப் பாத்தியில இனி எவனும் கழி வச்சு அளக்க மாட்டான்."

அவர்கள் கோயிலுக்குக் கிளம்பிப் போனதும் நான் பிடித்துக்கொண்டேன்.

"என்ன அண்ணாச்சி, அண்டப்புளுகு? அத்தனையும் வெட்டி வாழைக்கில்லா போட்டோம்!"

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். ஒரு செடியின் பக்கத்தில் விரலால் தோண்டினார். செம்மண்ணுக்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கறுப்புக் கட்டி, கடலை உருண்டை அளவுக்கு.

"ஒரு கூடைக் கரிசலக் கலந்துட்டேன். நீ சோறு திங்கப் போயிருந்த நேரம்."

"அது எதுக்கு அண்ணாச்சி? மறுபடியும் வேர் அழுகவா?"

"ஒரு கூடையில ஒண்ணும் அழுகாதுலே." மண்ணைத் திரும்ப மூடி உள்ளங்கையால் தட்டிக் கொடுத்தார். "ரோசாவுக்காவ போடல. பெறந்ததுலேருந்து அந்த மண்ணு வாயப் பொளந்துக்கிட்டே கெடக்கு. கூட்டிட்டு வந்துட்டு, தண்ணியக் கண்ணுல காட்டிட்டு, வாழைக்கு வெரட்டிவிட்டா நல்லாவாலே இருக்கும்? ஒரு கூடையாவது வயிறாரக் குடிக்கட்டுமே."

அதன் பிறகு நான் எத்தனையோ ஊர் போய்விட்டேன். போகிற ஊரில் நல்ல மழை பிடித்தால் ஒதுங்க இடம் தேடுவதற்கு முன்னால் அண்ணாந்து பார்க்கிற வழக்கம் ஒன்று எனக்கு ஒட்டிக்கொண்டது: இந்த மேகத்தில் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு திருவேங்கடத்துப் பக்கம் போகக் கூடாதா?